மாமல்லபுரம் போனால் எந்தத் தெருவில் தங்குவது?

2019-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ந் தேதி. மாமல்லபுரம் கல்யாண வீடு போல ஜொலித்தது. சீன அதிபர் ஜின்பிங் வந்தார். பிரதமர் மோடி வேட்டி, துண்டுடன் நின்று அவரை வரவேற்றார். இருவரும் அர்ச்சுனன் தபசைப் பார்த்தார்கள். ஐந்து ரதங்களைச் சுற்றி வந்தார்கள். கடற்கரைக் கோயில் அருகே உட்கார்ந்து கலை நிகழ்ச்சி கண்டார்கள். விருந்தும் அங்கேயே நடந்தது.

இரவு ஆயிற்று. சீன அதிபர் சென்னை கிண்டியில் உள்ள பெரிய ஓட்டலுக்குத் திரும்பினார். பிரதமர் கோவளம் கடற்கரையில் உள்ள ஓட்டலுக்குப் போனார்.

இருவரும் மாமல்லபுரத்தைப் பார்த்தார்கள். ஆனால் மாமல்லபுரத்தில் தூங்கவில்லை!

அவர்களுக்குக் காவல், கட்டுப்பாடு என்று ஆயிரம் காரணம் இருக்கும். சாதாரண மக்களுக்கு என்ன காரணம்? அவர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். காலையில் வேன் பிடித்து வருகிறார்கள். பகல் 11 மணிக்கு வந்து இறங்குகிறார்கள். வெயிலில் பாறை கொதிக்கிறது. செருப்பைக் கழற்றிய குழந்தை "அம்மா, கால் சுடுது" என்று அழுகிறது. வெண்ணெய் உருண்டைப் பாறைக்குக் கீழே நின்று ஒரு படம். கடலில் கால் நனைத்து ஒரு படம். புளிசாதம் சாப்பிட்டதும் வேன் திரும்பிவிடுகிறது.

இப்படிப் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருக்கலாம். கொஞ்சம் கடுமையான பேச்சுதான். ஆனால் உண்மை.

விடியும்போது பார்க்க வேண்டும்

கடற்கரைக் கோயில் கடலைப் பார்த்து நிற்கிறது. ராஜசிம்ம பல்லவன் கட்டி சுமார் 1,300 ஆண்டுகள் ஆகின்றன. காலை 6 மணிக்குக் கதவு திறக்கிறார்கள். அந்த நேரத்தில் போனால் கூட்டம் கிடையாது. வெயில் சுடாது. சூரியன் கடலிலிருந்து எழுந்து, கோபுரத்தின் கல்லில் மஞ்சள் பூசுவது போல ஏறும். பக்கத்துக் குப்பத்தில் மீனவர்களின் படகுகள் கரைக்கு வரும். வலையை உதறும் சத்தம் கேட்கும்.

இதைப் பார்க்க வேண்டுமானால் முதல் நாள் இரவே ஊரில் இருக்க வேண்டும். சென்னையிலிருந்து 60 கிலோ மீட்டருக்குள்தான் என்றாலும், குழந்தைகளை எழுப்பி, பல் தேய்க்க வைத்து, 6 மணிக்குக் கோயில் வாசலில் நிறுத்த எந்தத் தாயாலும் முடியாது!

ஆகவே தங்குவது என்று தீர்மானித்துவிட்டால், எங்கே தங்குவது? இதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

பணக்காரத் தெரு உண்டா?

கையில் நாலு காசு உள்ளவர்கள் ஊர் சுற்றப் போனால் ஒன்றை விரும்புவார்கள். தங்கும் இடம் பழமை மணக்க வேண்டும். அதே சமயம் உயர்தரமாகவும் இருக்க வேண்டும். சில ஊர்களில் இது நடக்கும். புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த தெருக்கள் இருக்கின்றன. அங்கே பழைய மாளிகைகள் ஓட்டல் ஆகிவிட்டன. செட்டிநாட்டில் நகரத்தார் வீடுகள் சில விடுதி ஆகியிருக்கின்றன. கொச்சிக் கோட்டைப் பகுதியிலும் அப்படியே. வாழ்ந்து கெட்ட வீட்டின் முற்றத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்கலாம்.

மாமல்லபுரத்தில் அப்படி ஒரு தெரு கிடையாது. தேடிப் பயனில்லை.

காரணம் என்ன? இந்த ஊரில் பழமையானது பாறைதான். மாளிகை கிடையாது. மன்னன் பாறையைக் குடைந்தான். ரதம் செய்தான். கோயில் கட்டினான். ஆனால் பின்னால் ஊரில் வீடு கட்டி வாழ்ந்தவர்கள் மீனவர்கள், கல் தச்சர்கள், கோயில் சிப்பந்திகள். அவர்கள் எங்கே தூண் வைத்த மாளிகை கட்டுவது?

இன்னொரு காரணம், சட்டம். புராதனச் சின்னங்களைக் காக்க 1958-ம் ஆண்டில் மத்திய அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. 2010-ல் அதைத் திருத்திக் கடுமையாக்கினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குப் புதுக் கட்டிடம் எழுப்பக் கூடாது. அதற்கு அப்பால் 200 மீட்டர் வரை கட்டுவதற்கு அனுமதி வாங்க வேண்டும். மாமல்லபுரத்தில் சின்னம் ஒன்றா, இரண்டா? குகை, ரதம், மண்டபம் என்று ஊர் முழுவதும் சிதறிக் கிடக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு வட்டம் போட்டுப் பாருங்கள். பழைய ஊரில் பெரும்பகுதி அந்த வட்டங்களுக்குள் வந்துவிடும்.

அதனால் பெரிய ஓட்டல்கள் பழைய ஊருக்கு வெளியே போய்விட்டன. வடக்கே கோவளம் வரையிலும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் வரிசையாக நிற்கின்றன. பணக்கார இடம் வேறு, பழைய இடம் வேறு என்று பிரிந்துவிட்டது. இதனால் ஊர்க்காரர்களுக்குச் சங்கடம் உண்டு. சொந்த வீட்டில் ஒரு மாடி எடுக்கவும் அனுமதிக்கு அலைகிறார்கள். அந்தக் குறையை அரசு கவனித்தே ஆக வேண்டும். ஆனால் அந்தச் சட்டம் மட்டும் இல்லை என்றால், அர்ச்சுனன் தபசுக்கு எதிரே ஏழு மாடி ஓட்டல் எழுந்திருக்கும். தபசு செய்யும் பூனை அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்!

விளம்பரத்தில் தெரியும் கோபுரம்

ஓட்டல் விளம்பரங்களைப் பாருங்கள். கடற்கரைக் கோயில் படம் பெரிதாக இருக்கும். பக்கத்தில் நீச்சல் குளம். கட்டிலில் படுத்தால் கோபுரம் தெரியும் போலத் தோன்றும். நேரில் போனால் கோயில் பல மைல் தள்ளி இருக்கும். "காரில் ஐந்து நிமிடம்" என்பார்கள். கார் இருந்தால் சரி. திருச்சியிலிருந்து ரெயிலில் வந்து இறங்கிய குடும்பத்துக்கு?

அறை பதிவு செய்யும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "கோயிலுக்கு நடந்து போனால் எவ்வளவு நேரம்?" இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் வராவிட்டால், நடந்து போக முடியாது என்று அர்த்தம்.

அதற்காகப் பெரிய ஓட்டல் மோசம் என்று சொல்ல முடியாது. வயதானவர்களுக்குப் படி ஏறும் சிரமம் இல்லை. சுத்தமான கழிவறை உண்டு. குழந்தைகள் ஓடி விளையாட இடம் உண்டு. முக்கியமாக, குளிக்க நீச்சல் குளம் உண்டு. மாமல்லபுரம் கடலில் அலையும் இழுப்பும் அதிகம். நீச்சல் தெரிந்தவர்களையே இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. குழந்தைகளைக் கடலில் இறக்கவே கூடாது. கணுக்கால் நனைவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

வடக்கே தங்குகிறவர்களுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. சாளுவன்குப்பத்தில் புலிக்குகை பக்கத்தில் வரும். 2004 டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தது அல்லவா? அதன் பிறகு அங்கே மணலுக்கு அடியில் ஒரு பழைய முருகன் கோயிலைத் தோண்டி எடுத்தார்கள். அடியில் இருந்த செங்கல் கட்டிடம் பல்லவர்களுக்கும் முந்தியது. வேனில் வந்து போகிறவர்களில் பலர் அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை.

ஆனால் செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும். உயர்தர ஓட்டலில் ஓர் அறைக்கு ஒரு நாள் வாடகை 12 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7,500 ரூபாய்க்கு மேற்பட்ட அறைக்கு வரி 18 சதவீதம். ஆக 14,160 ரூபாய். பழைய ஊரில் ஓர் அறை 2 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 2025 செப்டம்பரில் வரி குறைந்த பிறகு 5 சதவீதம்தான். ஆக 2,100 ரூபாய். வித்தியாசம் 12,060 ரூபாய். அது ஒரு ராத்திரிக்கு, ஓர் அறைக்கு!

"ஏங்க, அந்தக் காசுக்கு வீட்டு வாசலுக்கு ஒரு கல் பிள்ளையாரே செய்து வாங்கிடலாமே!" என்று ஒரு மனைவி கேட்டால், எந்தக் கணவன் பதில் சொல்ல முடியும்?

கோவளம், சதுரங்கப்பட்டினம், செங்கல்பட்டு

பழமையும் வேண்டும், சொகுசும் வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்குக் கோவளம் இருக்கிறது. பிரதமர் தங்கிய இடம் அதுதான். ஆற்காடு நவாப் காலத்தில் அங்கே ஒரு கோட்டை இருந்தது. பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1752-ல் ராபர்ட் கிளைவ் அதைப் பிடித்தார். அதே ஆண்டில் செங்கல்பட்டுக் கோட்டையையும் பிடித்தார். கோவளம் ஊருக்குள் மாதா கோயில் இருக்கிறது. தர்கா இருக்கிறது. மீன் ஏலம் நடக்கிறது. கடற்கரை சுத்தமாக இருப்பதற்காக 2021-ல் "நீலக்கொடி" சான்றும் கிடைத்தது. தெற்கே வந்தால் திருவிடந்தை நித்திய கல்யாணப் பெருமாள் கோயில். கல்யாணம் தள்ளிப்போகும் வீட்டார் மாலையும் கையுமாக வரும் கோயில் அது.

நல்ல இடம்தான். ஆனால் மாமல்லபுரத்துக்குச் சுமார் 20 கிலோ மீட்டர். கோவளத்தில் தங்கினால் கோவளத்தைப் பார்க்கலாம். மாமல்லபுரத்தை விருந்தாளியாகத்தான் பார்க்க முடியும்.

தெற்கே சுமார் 15 கிலோ மீட்டரில் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர்களின் கோட்டையும், வேலைப்பாடு மிகுந்த அவர்கள் கல்லறைகளும் இருக்கின்றன. ஒரு காலத்தில் இங்கிருந்து மெல்லிய துணிகள் கப்பல் ஏறின. பக்கத்திலேயே கல்பாக்கம் அணுமின் நிலையம். போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டிய இடம். இரவு தங்குவதற்கு ஏற்றதல்ல.

செங்கல்பட்டில் தங்குவது ரெயிலில் வருபவர்களுக்குச் சவுகரியம். மாமல்லபுரத்துக்கு ரெயில் கிடையாது. செங்கல்பட்டில் இறங்கித் திருக்கழுக்குன்றம் வழியாகப் பஸ்ஸில் 30 கிலோ மீட்டர் போக வேண்டும். வேடந்தாங்கல் பறவைகளையும் பார்க்க நினைப்பவர்கள் ஓர் இரவு செங்கல்பட்டில் தங்கலாம். மற்றவர்களுக்கு அவசியம் இல்லை.

பழைய ஊருக்குள் நுழைவோம்

பஸ் நிலையத்தில் இறங்கியதும் தலசயனப் பெருமாள் கோயில். 108 திருப்பதிகளில் ஒன்று. பூதத்தாழ்வார் பிறந்த ஊர் இதுதான். கோயிலைச் சுற்றி ராஜ வீதிகள், மாட வீதி. கோயிலுக்குப் பின்னால் மலை. மலை மேல் கலங்கரை விளக்கம். அர்ச்சுனன் தபசு கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். அதைப் பார்க்கச் சீட்டும் தேவையில்லை. கடற்கரைக் கோயிலுக்கும் ஐந்து ரதத்துக்கும் சேர்த்து 40 ரூபாய்ச் சீட்டு ஒன்று. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம்.

வடக்கே கொஞ்சம் நடந்தால் ஒத்தவாடைத் தெரு. ஒரு பக்கம் மட்டுமே வீடுகள் உள்ள தெருவைத்தான் நம் ஊர்களில் ஒத்தவாடை என்பார்கள். பெயர் அப்படி. இப்போது இரண்டு பக்கமும் கட்டிடங்கள். கீழே கடை, மேலே அறை. தெருக்கோடியில் கடல்.

இந்தத் தெருவை நம்மவர்களுக்கு முன்னால் வெளிநாட்டார் கண்டுபிடித்துவிட்டார்கள். முதுகில் மூட்டையோடு வருகிறார்கள். வாரக்கணக்கில் தங்குகிறார்கள். 2021-22-ம் ஆண்டில், சீட்டு வாங்கிப் பார்க்கும் மத்திய அரசுச் சின்னங்களில் வெளிநாட்டார் அதிகம் வந்தது எங்கே தெரியுமா? தாஜ்மகாலுக்கு அல்ல. மாமல்லபுரத்துக்கு! சுமார் 1 லட்சத்து 44 ஆயிரம் பேர். தாஜ்மகாலுக்கு வந்தவர்கள் 38 ஆயிரத்துச் சொச்சம். கொரோனா காலத்துக் கணக்கு அது. எப்போதும் அப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் பெருமைக்குரிய கணக்கு.

தெற்கே ஐந்து ரதம் போகும் சாலையில் சிற்பக் கூடங்கள். 1957-ல் தொடங்கிய சிற்பப் பள்ளி வளர்ந்து இன்று அரசு கட்டிடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரியாக இருக்கிறது. அதில் படித்தவர்களும், தகப்பனிடம் படித்தவர்களும் கல்லைச் செதுக்குகிறார்கள். 2017-ல் மாமல்லபுரம் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. உளிச் சத்தத்தில் விழித்து எழலாம் என்று கதைகளில் எழுதுவார்கள். இப்போது உளியோடு அறுக்கும் எந்திரமும் சேர்ந்து அலறுகிறது. கல் தூசு பறக்கிறது. ஆகவே சிற்பக் கூடத்துக்கு நேர் எதிரில் அறை எடுக்க வேண்டாம். இரண்டு தெரு தள்ளி எடுத்தால், சத்தம் சங்கீதமாகக் கேட்கும்.

குறைகளும் உண்டு

பழைய ஊரில் எல்லாம் பொன் என்று சொன்னால் அது பொய். தெருக்கள் குறுகலானவை. கார் நிறுத்த இடம் கிடைப்பது கஷ்டம். பல விடுதிகளில் மாடிக்கு லிப்ட் இல்லை. கொசு உண்டு. சில இடங்களில் முகத்தைப் பார்த்து வாடகை சொல்வார்கள். மார்கழியில் நாட்டிய விழா நடக்கும்போதும், பொங்கல் விடுமுறையிலும் வாடகை கிடுகிடுவென்று ஏறிவிடும்.

அதனால் பணம் கட்டும் முன் அறையைப் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்து பார்க்க வேண்டும். கடலோர ஊர் அல்லவா, தண்ணீர் உப்பாக இருக்கலாம். கதவுத் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்று பார்க்க வேண்டும். பெண்களை அழைத்துச் செல்பவர்கள் இதில் தாட்சணியம் பார்க்கக் கூடாது. பாட்டி கூட வந்தால் கீழ்த்தளத்து அறைதான் கேட்க வேண்டும். மரநிழலும் விளையாட இடமும் வேண்டும், ஆனால் பெரிய ஓட்டல் வாடகை கட்டாது என்பவர்களுக்கு, தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் கடற்கரை விடுதி நடுத்தரமான வழி.

ஊர் மாறிவிடுமா?

தலைவர்கள் சந்திப்புக்கு முன்னால் மாமல்லபுரத்தில் சாலையோரக் கடைகளை அப்புறப்படுத்தினார்கள். சாலை மின்னியது. விளக்கு எரிந்தது. புல்தரை முளைத்தது. "இப்போதுதான் ஊர் பார்க்கிற மாதிரி இருக்கிறது" என்று வந்தவர்கள் சொன்னார்கள். உண்மைதான், அழகாக இருந்தது. ஆனால் சங்குமாலை விற்ற பெண்ணையும், இளநீர் சீவிய பெரியவரையும் காணோம்.

மாமல்லபுரம் உலகப் பாரம்பரியச் சின்னமாக 1984-லேயே அறிவிக்கப்பட்ட இடம். அதற்குத் தகுந்த சுத்தம் வேண்டும். சாக்கடை மூட வேண்டும். கழிவறை கட்ட வேண்டும். இதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் உயர்தரம் என்ற பெயரில் ஊரையே பணக்காரர்களுக்கு மட்டும் ஆக்கிவிட்டால், மீன் விற்பவளும் கல் கொத்துபவனும் ஊரைவிட்டுப் போக நேரிடும். பிறகு பார்க்க வருபவர்களுக்குக் கல் இருக்கும், ஊர் இருக்காது.

மாசி மகத்தன்று அங்கே போனால் ஒரு காட்சி பார்க்கலாம். பல மாவட்டங்களிலிருந்து இருளர் மக்கள் குடும்பம் குடும்பமாக வருவார்கள். கடற்கரை மணலில் சேலையையே கூடாரமாகக் கட்டித் தங்குவார்கள். பவுர்ணமி நிலவில் பாட்டும் ஆட்டமும் நடக்கும். விடியற்காலையில் மணலில் படி கட்டிக் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள். அங்கேயே பெண் பார்ப்பார்கள். கல்யாணமும் அங்கேயே நடக்கும். கடலைப் பார்த்த அறைக்கு ஆயிரம் ஆயிரமாகக் கொடுப்பவர்கள் இருக்கும் ஊரில், அந்த மக்களுக்குக் கடலே திண்ணை!

மாசி மகத்தில் அறை கிடைப்பது சிரமம். முன்பதிவு செய்துவிட்டுப் போவது நல்லது.

மற்ற நாட்களில் போகிறவர்கள் அறை பார்க்கும்போது ஒன்று செய்யலாம். விடுதிக்காரரிடம் சொல்லிவிட்டு மொட்டை மாடிக்கு ஏறிப் பாருங்கள். ஒரு பக்கம் கலங்கரை விளக்கமும் இன்னொரு பக்கம் கடலும் தெரிந்தால், வாடகையில் ஐம்பது, நூறு பேரம் பேசாமல் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடலாம். காலை 5.30 மணிக்கு எழுப்பச் சொல்லி வைத்துவிட்டுப் படுக்க மறக்க வேண்டாம்.